இன்னொருவரைச் சேர்

எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் மூன்று முனியம்மாக்கள் இருந்தார்கள். மூவரும் பால்மரம் வெட்டியவர்கள். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தோட்டத்து மக்கள் அவர்களைக் கிணத்தடி முனியம்மா, ஆயாக்கொட்டகை முனியம்மா, மேட்டுலயத்து முனியம்மா என்று பிரித்து அழைத்தார்கள். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஆனால் சம்பள நாளன்று கிராணியின் மேசைக்கு முன்னால் இந்தப் பெயர்கள் செல்லுபடியாகவில்லை. அங்கே செக்ரோல் புத்தகத்தில் உள்ள எண்தான் பேசியது. எண் மாறிப்போனால் விடியற்காலையில் ஒருத்தி வெட்டிய பாலுக்கு இன்னொருத்தி காசு வாங்கிப் போய்விடுவாள். இவையெல்லாம் பாட்டி சொல்லக் கேட்டவை. நான் பிறப்பதற்குள் தோட்டத்தில் பாதி செம்பனையாகிவிட்டது.

பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் பலவற்றைத் தனித்தனியே அறிந்துகொள்வது எப்படி? பாட்டியின் காலத்தில் இது கிராணியின் கவலை. கணினித் துறையில் இறுதியாண்டில் இருக்கும் எனக்கு இது அன்றாடக் கவலை. இணையப் பக்கம் செய்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தக் கேள்வியிடம் வந்து நிற்பார்கள்.

‘குளோன்’ என்ற சொல்லை நான் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகக் கேட்கவில்லை, தாத்தாவிடம்தான் கேட்டேன். ஒட்டுக்கட்டிய ரப்பர் மரங்களை அவர் குளோன் மரம் என்பார். 1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற வகை அவருக்கு நெருங்கிய உறவினர் மாதிரி. ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1 என்ற வகைக்கும் பிராங் புசார் தோட்டத்தின் பிபி 86 என்ற வகைக்கும் பிறந்தது அது. அப்படிப் பிறந்த ஒரே ஒரு தாய்மரத்தின் மொட்டுகளை எடுத்து வேறு கன்றுகளில் ஒட்டி ஒட்டித்தான் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். ஆகவே ஒரு நிரையில் நிற்கும் அத்தனை மரமும் ஒரே மரத்தின் நகல்தான். ஆனாலும் எந்த மரத்தில் பட்டை காய்ந்துபோனது, எந்த மரத்தில் மங்கு உடைந்திருக்கிறது என்பதை வெட்டுக்காரர் தனித்தனியாக அறிந்திருந்தார். உருவம் நகலாகலாம், இடம் நகலாவதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் ஒட்டுக்கட்டும் வேலை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘குளோன்நோட்’. 1998இல் வெளிவந்த ஆவண உருமாதிரியின் முதல் தரநிலையிலேயே இது இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஒரு பகுதியைக் காட்டி ‘இதைப் போல் இன்னொன்று கொடு’ என்றால் கொடுத்துவிடும். ‘ஆம்’ என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பகுதிக்குள் இருக்கும் கட்டங்கள், பொத்தான்கள், எழுத்துகள் எல்லாவற்றையும் வேரோடு பெயர்த்து நகலெடுக்கும். சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நான் எதற்காக இந்த வேலைக்குள் இறங்கினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடைப்பட்ட எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புத் திட்டத்திற்குப் போனது. லயத்து மக்கள் மூன்று தாமான்களில் சிதறினார்கள். கோயில் மட்டும் இடம் மாறி நிலைத்தது. அந்தக் கோயில் குழுவினருக்குப் பழைய குடும்பங்களின் பட்டியல் தேவைப்பட்டது. திருவிழாவுக்கு அழைப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ சரியாக இல்லாதவர்கள் யார் யார் என்று தெரிந்தால்தான், விவரம் அறிந்த ஒருவரோடு அவர்களைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப முடியும். 2011இல் அரசாங்கம் நடத்திய ‘மைடஃப்தார்’ இயக்கத்தின்போது நாடு முழுவதும் இந்தியர்கள் வரிசையில் நின்றதை என் வயதினர் சிறுபிள்ளைகளாகப் பார்த்திருப்போம். அந்த வரிசைக்குப் போகத் தெரியாதவர்களும் இருந்தார்கள். வீட்டில் மருத்துவச்சி கையால் பிறந்து, காலத்தோடு பதியப்படாமல் போனவர்கள் அவர்கள்.

படிவம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இலவச மாதிரி ஒன்றை வைத்து யாரோ எப்போதோ செய்து கொடுத்தது. குடும்பத் தலைவரின் விவரம் மேலே. அதன் கீழே ‘இன்னொருவரைச் சேர்’ என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் பெயர், பிறந்த தேதி, ஆண் பெண், அடையாள அட்டை எண் ஆகிய கட்டங்கள் இன்னொரு முறை முளைக்கும். அதைக் கைத்தொலைபேசிக்கு ஏற்றதாக மாற்றித் தரச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார்கள். மாற்றுவதற்கு முன்னால் ஒருவர் நிரப்புவதைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அத்தையிடம் கொடுத்தேன். அத்தை வீட்டில் ஆறு பேர்.

மாமாவின் விவரத்தை நிரப்பி ‘ஆண்’ என்பதைத் தொட்டார். பொத்தானை அழுத்தினார். இரண்டாவது பகுதி வந்தது. அதில் தன் பெயரைப் போட்டு ‘பெண்’ என்பதைத் தொட்டார். பிறகு மேலே பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“என்னா பாப்பா இது, உங்க மாமா ஆணும் இல்ல, பொண்ணும் இல்லன்னு காட்டுது!”

உண்மைதான். மாமாவின் பகுதியில் இருந்த புள்ளி மறைந்திருந்தது. மூன்றாவது பகுதியில் ‘பெயர்’ என்ற எழுத்தைத் தொட்டால் எழுத்துக்குறி மேலே தாவி முதல் பகுதியில் மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றது. அத்தை கவனிக்காமல் மகன் பெயரை அங்கேயே தட்டியிருந்தால் மாமாவும் மகனும் ஒரே ஆளாகியிருப்பார்கள். நான்காவது பகுதியில் இருந்த ‘நீக்கு’ பொத்தானோ எத்தனை முறை தொட்டாலும் அசையவில்லை.

இந்த மூன்று கோளாறுகளும் தோற்றத்தில் வேறுவேறு. ஆனால் மூன்றுமே நகலெடுத்தபின் செய்ய வேண்டியதைச் செய்யாததால் வந்தவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இணையப் பக்கத்தில் ஓர் உறுப்புக்கு ‘ஐடி’ என்ற அடையாளத்தைக் கொடுக்கலாம். ஒரு பக்கத்துக்குள் ஓர் ஐடி ஒரே ஒரு உறுப்புக்குத்தான் சொந்தம் என்பது எச்டிஎம்எல் விதி. ‘பெயர்’ என்ற எழுத்தைத் தொட்டால் எந்தக் கட்டம் திறக்க வேண்டும் என்பதை அந்த எழுத்து தன் கையில் உள்ள ஐடியை வைத்துத்தான் தேடுகிறது. குளோன்நோட் நகலெடுக்கும்போது ஐடியையும் சேர்த்து நகலெடுத்துவிடுகிறது. ஆறு பேர் என்றால் ஒரே ஐடியில் ஆறு கட்டங்கள். விதி மீறப்பட்டது என்று உலாவி கூச்சல் போடுவதில்லை. ஐடியைச் சொல்லி உறுப்பைக் கேட்டால் பக்கத்தில் முதலாவதாக இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்துவிடும். முனியம்மா என்று கூப்பிட்டால் முன்வரிசையில் நிற்கும் முனியம்மாவுக்கே சம்பளம் கொடுக்கும் கிராணியைப் போன்றது இது. பின்னால் நிற்கும் இருவரும் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஆனால் கணக்குக்கு அவர்கள் இல்லை.

ஆண் பெண் புள்ளியின் கதை சற்றே வேறு. அதற்குக் காரணம் ஐடி அன்று. ‘நேம்’ என்ற பண்பு. ஒரே படிவத்தில் ஒரே நேம் கொண்ட ரேடியோ பொத்தான்கள் எல்லாம் ஒரே குழு. குழுவில் ஒன்றுதான் தெரிவாகும். நகலெடுத்தபோது நேமும் அப்படியே வந்ததால் மாமாவும் அத்தையும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே ஒரு புள்ளிக்குப் போட்டியிட்டார்கள். கடைசியாகத் தொட்டவர் வென்றார்.

‘நீக்கு’ பொத்தான் செயலற்றுப் போனதற்குக் காரணம் நேர்எதிரானது. அங்கே நகல் கூடிப்போகவில்லை, குறைந்துபோனது. ஒரு பொத்தானைத் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத் தனியே சொல்லிவைத்தால், அந்தச் சொல் நகலுக்குப் போவதில்லை. உடல் வருகிறது, கற்றுக்கொடுத்த பாடம் வரவில்லை. ஆனால் கட்டத்தில் தட்டிய எழுத்துகள் மட்டும் ஒழுங்காக நகலோடு வந்துவிடுகின்றன. மாமாவின் பகுதியை நிரப்பியபின் நகலெடுத்தால் அவருடைய பெயரும் எண்ணும் அடுத்த பகுதியில் வந்து நிற்கும். துடைக்க மறந்தால் வீட்டில் இரண்டு மாமாக்கள்.

இவற்றுக்கு மாற்று உண்டா? உண்டு, கடினமும் இல்லை. நிரப்பப்பட்ட பகுதியை நகலெடுக்காமல், ‘டெம்ப்ளேட்’ என்ற உறுப்புக்குள் ஒரு வெற்றுப் பகுதியை மறைத்து வைத்து அதிலிருந்தே ஒவ்வொரு முறையும் நகலெடுக்கலாம். யாருடைய எழுத்தும் தொற்றாது. ‘பெயர்’ என்ற எழுத்துக்குள்ளேயே கட்டத்தை வைத்துவிட்டால் அந்த இரண்டையும் இணைக்க ஐடியே வேண்டாம். ‘நீக்கு’ பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கற்றுக்கொடுக்காமல், எல்லாப் பகுதிகளையும் தாங்கி நிற்கும் பெரிய பெட்டிக்கு ஒரே ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். எந்தப் பொத்தான் தொடப்பட்டாலும் செய்தி மேலே ஏறிப் பெட்டிக்கு வரும். நூறு பேருக்கு ஒரு கங்காணி பெரட்டுக் களத்தில் நின்றது போலத்தான். ஐடி கட்டாயம் வேண்டிய இடங்களிலும், நேமிலும் ஒரு வரிசை எண்ணைப் பின்னால் ஒட்டிவிடலாம்: பெயர்-1, பெயர்-2, பெயர்-3. எண் ஒட்டிய நேம் என்பதால் ஆண் பெண் சண்டையும் தீர்ந்தது.

இந்த எண்ணை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் உண்மையான யோசனை தேவைப்படுகிறது. ‘இப்போது எத்தனை பேர் இருக்கிறார்களோ அதனுடன் ஒன்றைக் கூட்டு’ என்பது எளிதாகத் தோன்றும் வழி. மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள்: 1, 2, 3. இரண்டாமவரை நீக்குகிறோம். மிச்சம் இருவர். இப்போது புதியவருக்கு வருவது 3. ஆனால் 3 ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறார்! ஆகவே எண்ணிக்கை வேறு, அடையாளம் வேறு. எண்ணிக்கை ஏறும், இறங்கும். அடையாளம் கொடுக்கும் எண்ணோ ஏறத்தான் வேண்டும், இறங்கவே கூடாது. போனவரின் எண் போனதாகவே இருக்க வேண்டும்.

அடுத்து வழங்கி. படிவத்தில் நிரப்பியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது. பெயர்களை ஒரு பட்டியலாகவும் ‘பத்திரம் இல்லை’ என்ற சதுரத்தில் போட்ட சரிக்குறிகளை இன்னொரு பட்டியலாகவும் அனுப்பும் வழக்கம் உண்டு. முதல் பெயருக்கு முதல் குறி, இரண்டாம் பெயருக்கு இரண்டாம் குறி என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். ஆனால் சரிக்குறி போடாத சதுரத்தை உலாவி அனுப்புவதே இல்லை. ஆறு பெயர்கள் போகும். ஒரே ஒரு குறி போகும். அது ஐந்தாவது ஆளுடையதாக இருந்தாலும் வழங்கியில் முதல் ஆளின் தலையில் விழும். பத்திரம் உள்ளவர் பதிவிலாகாவுக்கு அழைக்கப்படுவார். இல்லாதவர் வீட்டில் இருப்பார். சதுரத்தின் நேமிலும் அந்த ஆளின் எண் ஒட்டியிருந்தால் இது நடக்காது.

எண் என்றதும் ஒரு கேள்வி எழலாம். நாமே எண் கொடுத்துத் திண்டாடுவானேன்? அடையாள அட்டை எண்ணையே பயன்படுத்தக்கூடாதா? படிவத்தை முதலில் செய்தவரும் அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். அடையாள அட்டை எண்ணை வைத்தே ஒவ்வொருவரின் பதிவும் சேமிக்கப்படும்படி அது அமைந்திருந்தது.

பார்க்கப் போனால் அது அழகான எண்தான். 1990இல் நடைமுறைக்கு வந்த இந்தப் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். நெகிரி செம்பிலானுக்கு 05. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 2001இல் மைகாட் வந்தபோதும் எண் மாறவில்லை. ஒரே நாளில் ஒரே மாநிலத்தில் பிறந்தவர்களையும் கடைசி நான்கு இலக்கங்கள் பிரித்துக் காட்டிவிடும்.

பெயரால் அப்படிப் பிரிக்க முடியுமா? நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர்தான் துணை. அதை இணைக்க ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்ற மலாய்ச் சொற்கள். அதுவும் எழுதுபவர் கையைப் பொறுத்தது. ராமசாமி என்ற பெயரை ரூமியில் எழுதும்போது ஒருவர் ‘எம்’ ஒன்று போடுகிறார், இன்னொருவர் இரண்டு போடுகிறார். கடைசி எழுத்து ஒருவருக்கு ‘ஒய்’, மற்றவருக்கு ‘ஐ’. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணனும் தம்பியும் பத்திரத்தில் வேறுவேறு தகப்பன்களின் பிள்ளைகளாக இருப்பதை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்போம். ஊர்ப் பெயரும் அப்படித்தான். லாபு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று சொன்னால் போதாது. பிரிவு 1 என்று ஒன்று, பிரிவு 4 என்று ஒன்று. பிரிவு எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் எந்தப் பள்ளி என்று தெரியும்.

ஆகவே அடையாள அட்டை எண்ணை நம்பியது தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தப் பட்டியல் யாருக்காக? அந்த எண் இல்லாதவர்களுக்காக! எண் இல்லாமல் படிவம் ஒருவரை ஏற்காது. எனவே நிரப்புபவர்கள் என்ன செய்தார்கள்? பன்னிரண்டு பூச்சியங்களைத் தட்டினார்கள். அப்படித் தட்டிய முதல் ஆள் சேமிக்கப்பட்டார். அடுத்து யாராவது பன்னிரண்டு பூச்சியம் தட்டியபோது, அதே எண் என்பதால் முன்னவரின் பதிவின் மேலேயே அவர் எழுதப்பட்டார். மூன்றாமவர் வந்தபோது இரண்டாமவரும் அழிந்தார். கோயில் குழுவினர் பழைய பட்டியலை எக்செலில் திறந்து, “பத்திரம் இல்லாதவர் ஒருவர்தான்” என்று மகிழ்ந்திருக்கிறார்கள். அந்த ஒருவரின் வரியின் கீழே எத்தனை பேர் புதைந்து கிடந்தார்கள் என்பதை அந்தக் கோப்பிலிருந்து மீட்கவே முடியவில்லை. மறுபடியும் வீடு வீடாகப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

எண் உள்ளவர்கள் ஆயிரம் பேரானாலும் ஆயிரம் பேர். எண் இல்லாதவர்கள் எத்தனை பேரானாலும் ஒரே ஆள். நிரல் எழுதும்போது இதை ‘விசை முரண்’ என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்க்க முடியாமல், மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணம் கேட்கப்பட்டு, முறையான வேலைக்கும் போக முடியாமல் இருக்கும் ஒருவரைப் பொறுத்தவரை அது வாழ்க்கை. அரசாங்கப் பதிவேட்டில் இல்லாதவர், அவருக்காகவே நாம் தொடங்கிய பதிவேட்டிலும் இல்லாமல் போவதா?

அதனால் படிவத்தை மாற்றியபோது ஒன்றை உறுதியாக வைத்துக்கொண்டேன். ‘இன்னொருவரைச் சேர்’ என்ற பொத்தானைத் தொட்ட கணத்திலேயே அந்த ஆளுக்கு ஓர் அடையாளம் பிறந்துவிட வேண்டும். அவர் பெயர் தட்டுவதற்கு முன்பே. அட்டை உண்டா இல்லையா என்று கேட்பதற்கு முன்பே. இன்றைய உலாவிகளில் இதற்கென்றே ‘ரேண்டம்யூயூஐடி’ என்ற வசதி இருக்கிறது. முப்பத்தாறு எழுத்துருக்கள் கொண்ட, இன்னொன்றோடு மோத வாய்ப்பே இல்லை எனலாம் போன்ற ஓர் அடையாளத்தைக் கேட்டவுடன் தருகிறது. மூன்று தாமான்களில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று கைத்தொலைபேசிகளில் நிரப்பினாலும் மோதாது. அடையாள அட்டை எண் இப்போது பெயரைப் போல, தேதியைப் போல இன்னொரு விவரம் மட்டுமே. இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால் ‘இல்லை’ என்பதும் ஒரு விடைதான்; பூச்சியம் தட்ட வேண்டியதில்லை.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரு சின்ன மகிழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01 தரநிலையின்படி ஓர் ஐடி ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும். 2014இல் தரநிலையான எச்டிஎம்எல் 5 அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. இடைவெளி இருக்கக்கூடாது, குறைந்தது ஓர் எழுத்தாவது இருக்க வேண்டும், பக்கத்துக்குள் ஒன்றுக்கு மேல் வரக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே ‘பெயர்-1’ என்று தமிழிலேயே ஐடி வைக்கலாம். வைத்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் கணினி என்றால் மலாயும் ஆங்கிலமும்தான் என்று பழகிப்போன எனக்கு, நிரலுக்குள் ‘பிறந்ததேதி-3’ என்று தமிழ் எழுத்து ஓடுவதைப் பார்க்க வேடிக்கையாகவும் பெருமையாகவும் இருந்தது. எனக்குப் பின்னால் இந்தப் படிவத்தைத் திருத்த வரும் தம்பி தங்கைகளுக்கும் எது எது என்று சட்டென விளங்கும்.

மாற்றிய படிவத்தோடு இந்த விடுமுறையில் நானும் இரண்டு தோழிகளும் இரண்டு தாமான்களை முடித்திருக்கிறோம். மூன்றாவது இன்னும் பாக்கி. பத்திரம் இல்லாதவர்கள் இப்போது ஒருவராக இல்லை. தனித்தனி வரிகளில், தனித்தனிப் பெயர்களில், தனித்தனி வயதில் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் வந்ததால் அட்டை கிடைத்துவிடாது என்பது எங்களுக்கும் தெரியும். தாமதப் பதிவு என்பது நீண்ட வழி. சாட்சி வேண்டும், பழைய ஆவணம் வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் யாரை அழைத்துப் போவது என்பதாவது இப்போது கோயில் குழுவினருக்குத் தெரிகிறது.

பேரவை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லின்சம், சுவா பெத்தோங், கெடிஸ், ஜெராம் பாடாங் என்று நம்மில் எத்தனையோ பேர் எத்தனையோ தோட்டங்களிலிருந்து வந்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் யாரோ ஒருவர் படிவம் வைத்திருப்பார், தாளிலோ கணினியிலோ. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அதை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். எண் கேட்கும் கட்டத்தில் எத்தனை பேர் பூச்சியம் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரே ஒரு பூச்சியக்காரர்தான் இருக்கிறார் என்றால், வீடு வீடாகப் போகத் தயாராகுங்கள்.